பெற்றவள் என்ற வரி

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குச் சஞ்சிரா என்ற இயந்திரத்தை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று பழைய சகா ஜொல்தோஷ் போனில் சொன்னபோது, அனார்குல் பல்கலைக்கழகத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"நீங்க வந்து ஒரு கையெழுத்து போடணும்க்கா. முதல்ல எழுதினவங்க கையெழுத்து இல்லாம எதையும் அழிக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அந்த விதியை எழுதினதும் நீங்கதான்."

"எனக்கு நானே வச்சுக்கிட்ட வேலை," என்றாள் அனார்குல். "வரேன். ஆனா அழிக்கறதுக்கு முன்னாடி எனக்கு அரை மணி நேரம் வேணும்."

"எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

"கேக்காதே."

அவனுக்குத் தெரியும். அந்த இயந்திரத்துக்குள் கோடிக்கணக்கான வரிகளுக்கு நடுவில் அவளைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. அவளைப் பெற்றவள் யார் என்று சொல்லும் வரி. அது வேறு எந்தக் காகிதத்திலும் கிடையாது. பிறப்புச் சான்றிதழில் இல்லை, கடவுச்சீட்டில் இல்லை, குடும்பத்தில் ஒருவர் வாயிலும் இல்லை. வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பிறகு அங்கேயும் இருக்காது. அதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும், முடிந்தால் எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய எண்ணம். முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். பாதுகாப்புத் துறையின் அந்தக் கட்டிடத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகாது. ஒரு தடவை ஜொல்தோஷ் மனைவி எழுதிக் கொடுத்த காய்கறிப் பட்டியலையே வாசலில் பிடுங்கி வைத்துக்கொண்டு, இரண்டு கிலோ முள்ளங்கிக்கு விளக்கம் கேட்ட இடம் அது.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அவள் வந்து சேர்ந்தாள். கைப்பேசியை வாசலில் இருந்த இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். அதே படி, அதே பச்சைச் சுவர். ஐந்து வருடம் முன்பு அவள் வேலையை விட்டுப் போனபோது பெயர்ந்து தொங்கிய காரை இன்னும் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அரசாங்கக் கட்டிடங்களுக்கே உள்ள பிடிவாதம் அது.

ஜொல்தோஷ் கதவருகே நின்றிருந்தான். சார்ஜென்டாக வந்தவன், இப்போது மேஜர். தொப்பை வந்திருந்தது, முன்நெற்றி ஏறியிருந்தது. அவளைப் பார்த்ததும் பழைய வழக்கப்படி விறைப்பாக நின்று, "ஜொல்தோஷ், போட்டான், டீ," என்றான்.

அனார்குலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த அறையின் பேச்சு அது. அதைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று!

இரண்டாயிரத்து எட்டில் அனார்குல், ஜொல்தோஷ், மேலதிகாரி கர்னல் பெக்பொலோத் என்று மூன்று பேராக அந்த அறையில் வேலையைத் தொடங்கினார்கள். நாட்டின் பாதுகாப்புக்கு வேண்டிய விவரமெல்லாம் நாட்டில் இருந்தது; ஆனால் ஒன்றோடொன்று பேசாமல் இருந்தது. எல்லைச் சாவடியில் ஒரு ஏடு, கடவுச்சீட்டு அலுவலகத்தில் ஒரு ஏடு, ஆஸ்பத்திரியில் ஒன்று, லாரிப் பதிவில் ஒன்று. ஒரே ஆள் ஒன்றில் கதீர் மாம்பெதோவ், இன்னொன்றில் மாம்பெத் மகன் கதீர், மற்றொன்றில் வெறும் கதீர், மூக்குக்குக் கீழே மச்சம். இவர்களெல்லாம் ஒருவரே என்று ஒரு மனிதன் உட்கார்ந்து யோசித்தால் கண்டுபிடிப்பான். ஆனால் யோசிக்க ஒரு மனிதன், ஏடுகள் முந்நூறு.

அதனால் பொருள் அறியும் வலை என்று வெளிநாட்டில் பேசப்பட்ட முறையை அனார்குல் படித்து வந்தாள். எந்த விவரமானாலும் மூன்று துண்டாக எழுத வேண்டும். யார், என்ன உறவு, யாரோடு. கதீர், ஓட்டுகிறான், இந்த லாரியை. இந்த லாரி, கடந்தது, அந்தச் சாவடியை. அப்படி எழுதிவிட்டு, உறவுகளுக்கு உண்டான விதிகளையும் சொல்லிக்கொடுத்துவிட்டால், எழுதாத விஷயத்தையும் இயந்திரம் தானே ஊகித்துச் சொல்லும். அலுவலகக் காகிதங்களில் அதற்கு வாயில் நுழையாத நீளத்தில் ஒரு பெயர் இருந்தது. இவர்கள் சஞ்சிரா என்று கூப்பிட்டார்கள். ஏழு தலைமுறைத் தகப்பன் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்லும் வம்ச வரலாற்றுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

நாள் பூராவும் மூன்று துண்டாக எழுதி எழுதி, பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. "கர்னல், இருக்கிறார், கோபத்தில்," என்பான் ஜொல்தோஷ் கதவைத் திறக்கும்போதே. "அடுப்பு, இல்லை, சூடு," என்பாள் இவள். பனிக்காலத்தில் மின்சாரம் போகும். கோட்டைப் போர்த்திக்கொண்டு, குருத் உருண்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மின்சாரம் வரும்வரை விதிகளைக் காகிதத்தில் எழுதுவார்கள். கல் மாதிரிக் காய்ந்த அந்தத் தயிர் உருண்டையை ஜொல்தோஷ் கடிக்கிற சத்தத்தில் அடுத்த அறைக்காரன் சுவரைத் தட்டுவான். கர்னல் பெக்பொலோத் தன் அறையில் சூடு இருந்தும் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு, கம்ப்யூட்டரைப் பழக்கமில்லாத குதிரையைப் பார்ப்பது போலத் தள்ளி இருந்து பார்ப்பார்.

"இதுல எழுதாததெல்லாம் பொய்ன்னு எடுத்துக்குமா இது?" என்று ஒரு நாள் கேட்டார்.

"இல்ல சார். எழுதலைன்னா இன்னும் தெரியலைன்னு அர்த்தம். பொய்ன்னு சொல்லாது."

"நம்ம ஆளுங்களை விட நாகரிகமா இருக்கே," என்றார் கர்னல்.

அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்தது அந்த நான்கைந்து வருடம்தான். பல்கலைக்கழகத்தில் இப்போது நல்ல அறை, நல்ல நாற்காலி, சூடும் குறையில்லை. யாரும் மூன்று துண்டாகப் பேசுவதில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பும் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் போகும் அவசரத்தில், குடும்ப உறவுகளுக்கு விதி எழுதினாள். ஒருவருக்கு ஒரே தகப்பன். ஒருவருக்கு ஒரே தாய். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. இரண்டு ஏட்டில் இரண்டு தகப்பன் பெயர் இருந்தால், அந்த இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று இயந்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பெயரை விதவிதமாக எழுதும் நாட்டில் இதைவிட உபயோகமான விதி உண்டா? எழுதி முடிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. ஜொல்தோஷ் படித்துப் பார்த்து, சரி என்றான். கர்னல் கையெழுத்துப் போட்டார். மூன்று பேரும் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பத்து இலையுதிர்காலம். ஒரு புதன்கிழமை காலை வந்து பார்த்தால் சஞ்சிரா சிவப்புக் குறி போட்டிருந்தது. எசென் என்பவரும் தாலாய் என்பவரும் ஒரே ஆள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அந்த ஆள் நாரின் நகரக் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். பத்து நாற்பதுக்குத் தெற்கு எல்லைச் சாவடியில் வெங்காய லாரி ஓட்டிக்கொண்டு வருகிறார். பிறந்த வருடம் ஒன்றில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது, இன்னொன்றில் அறுபது. ஆகவே போலிப் பத்திரம். இயந்திரம் அப்போதே சாவடிக்கும் செய்தி அனுப்பிவிட்டது. லாரிக்காரரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

அனார்குல் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஜொல்தோஷ், இந்த எசென் உங்கப்பாதானே?"

"ஆமாக்கா."

"தாலாய்?"

"எங்க அண்ணன்."

"நாரின் பிரசவ ஆஸ்பத்திரி ஏட்டுல உனக்கு அப்பான்னு தாலாய் பேரைப் போட்டிருக்கே."

அவன் வாயில் இருந்த குருத்தைக் கடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, மூத்த பிள்ளை!

எங்கள் பக்கம் மூத்த பிள்ளை பெற்றவர்களுக்குச் சொந்தமில்லை. நாற்பது நாள் கழிந்ததும் தாத்தா பாட்டி மடியில் போட்டுவிடுவார்கள். அதன்பிறகு அது அவர்கள் பிள்ளை. தாத்தாவை அப்பா என்றும், பெற்ற தகப்பனை அண்ணா என்றும், பெற்ற தாயை அண்ணி என்றும் கூப்பிட்டு வளரும். ஊருக்கே தெரியும். ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்வரை சொன்னால் அவர்கள் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டது போல ஆகும்.

கர்னல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "கிராமத்துக்குப் போன் போட்டு அந்தப் பெரியவரையே கேக்கச் சொல்லிட்டேன். ஜொல்தோஷ் யாரு பிள்ளைன்னு கேட்டிருக்காங்க. என் பிள்ளைன்னாராம். தாலாய் யாருன்னா அவனும் என் பிள்ளைங்கறார். அப்ப ஆஸ்பத்திரி ஏட்டுல ஏன் இப்படின்னா, ஆஸ்பத்திரிக்காரனுக்கு என் குடும்பத்தைப் பத்தி என்னடா தெரியும்னு கத்திட்டு வச்சுட்டாராம்."

"சார், தப்பு இயந்திரத்தோடது. இல்ல, என்னோடது," என்றாள் அனார்குல். "பெத்தவங்க வேற, வளர்த்தவங்க வேறன்னு ரெண்டு உறவாப் பிரிச்சிட்டா சரியாயிடும்."

"பிரி."

"விதியை மாத்த ஒரு வாக்குமூலம் வேணும் சார். ஒருத்தர் தன் பேர் சொல்லி, என்னைப் பெத்தது இவங்க, வளர்த்தது இவங்கன்னு எழுதிக் கையெழுத்து போடணும். சும்மா வழக்கம்னு சொன்னா மேலிடம் ஒத்துக்காது."

இரண்டு பேரும் ஜொல்தோஷைப் பார்த்தார்கள். அவனுக்குக் கழுத்து சிவந்துவிட்டது.

"நான் எழுத மாட்டேன். அப்பாவுக்கு எண்பது வயசாச்சு. நாளைக்கே எவனாவது போன் போட்டு, உங்க பையனே எழுதிக் கொடுத்துட்டான்னு சொல்லிட்டா? அந்த மனுஷன் தாங்க மாட்டாருக்கா."

"அங்க உங்க அண்ணன் பெஞ்சுல உக்காந்திருக்காரு. லாரில வெங்காயம் அழுகுது."

"தெரியும்க்கா. அண்ணனைக் கேட்டாலும் இதேதான் சொல்வாரு."

கர்னல் தொண்டையைச் செருமினார். எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். "இந்த இயந்திரம் நம்ம ஆளுங்க ஃபார்மையும் படிக்குமா?"

"படிக்கும் சார். அடுத்த மாசம் கர்னல்கள் ஃபார்ம் வருது."

"என் ஃபார்ம்ல அண்ணன்னு ஒருத்தரை எழுதியிருக்கேன்," என்றார் கர்னல், சுவரைப் பார்த்து. "அது படிக்கறதுக்கு முன்னாடி மாத்து. என் பேரை மட்டும் இழுக்காதே, அவ்வளவுதான்."

வேறு நேரமாக இருந்தால் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அன்று ஜொல்தோஷ் மட்டும் அரைச் சிரிப்பு சிரித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

அனார்குல் தன் நாற்காலிக்குப் போனாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். அவளும் மூத்தவள்.

தலாஸ் ஊரில், பெற்றவளின் மாமியார் வீட்டிலேயே பிரசவமான குழந்தை அவள். ஆஸ்பத்திரி ஏடு கிடையாது. எல்லாக் காகிதத்திலும் தாய் என்று இருந்தது பாட்டி உம்சுனாயின் பெயர். பாட்டியைத்தான் அவள் அம்மா என்றாள். பெற்றவளான குல்சுன் அந்த வீட்டு மருமகள், ஆகவே அண்ணி. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மருமகள் புருஷன் வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லக் கூடாது. நாத்தனாருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கட்டு. மடி மாறிய நாளிலிருந்து குழந்தை நாத்தனார் ஆகிவிட்டது. அதனால் குல்சுன் தான் பெற்ற பெண்ணை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னப்பொண்ணு என்றுதான் சொல்லுவாள். "சின்னப்பொண்ணு, தலை சீவலாமா?" "சின்னப்பொண்ணுக்குக் காய்ச்சலா?" அடுத்தடுத்துப் பிறந்த ஜிபெக்கும் தம்பிகளும் அவளை வாய் நிறைய அம்மா என்று கூப்பிடுவார்கள். அனார்குல் அண்ணி என்பாள். படிக்கப் பட்டணம் வந்த பிறகு ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ஒரு பாட்டில் ராஸ்பெரி ஜாம் வரும். மூடியில் ஒட்டிய காகிதத்தில், நாத்தனாருக்கு, என்று எழுதியிருக்கும். மற்ற பிள்ளைகளுக்கு அனுப்பும் பாட்டிலை விட அது பெரிது என்று ஜிபெக் ஒரு தடவை பொறாமைப்பட்டிருக்கிறாள்.

உம்சுனாய் அப்போது உயிரோடுதான் இருந்தாள். அனார்குல் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். கை எழுத மறுத்தது. வளர்த்தவளின் சோற்றைத் தின்ற கை அது. பிறகு, இது நாட்டின் ரகசியம், நாட்டின் ரகசியத்தைத் தலாஸில் யார் வந்து படிக்கப் போகிறார்கள் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினாள். கர்னல் கையெழுத்தைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அன்று மத்தியானமே விதியை இரண்டாகப் பிரித்து, தன் வரியை உள்ளே ஏற்றினாள். அனார்குல், பெற்றவள், குல்சுன். அனார்குல், வளர்த்தவள், உம்சுனாய்.

இயந்திரம் மறுபடி யோசித்தது. எசென் வேறு ஆள், தாலாய் வேறு ஆள் என்று பிரித்துப் போட்டது. சிவப்புக் குறி போயிற்று.

மறுவாரம் தாலாய் லாரியோடு அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். அழுகாமல் மிஞ்சியதில் ஒரு மூட்டை வெங்காயத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார். ஜொல்தோஷும் அனார்குலும் கீழே ஓடினார்கள்.

"என்ன தம்பி, ரெண்டு நாள் பெஞ்சுல உக்கார வச்சுட்டானுங்க? என் மூஞ்சியைப் பார்த்தா கடத்தல்காரன் மாதிரியா இருக்கு?"

"இருக்கு," என்றான் ஜொல்தோஷ். "பேர் குழப்பம்ண்ணா. சரிபண்ணியாச்சு."

"யாரு சரிபண்ணினது? இந்தத் தங்கச்சியா?" மூட்டையை அவள் காலடியில் இறக்கினார். "நல்லா இரும்மா. அப்பாவுக்குத் தெரியுமாடா?"

"தெரியாது."

"தெரிய வேணாம்." அவன் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு லாரியில் ஏறினார். இரண்டு பேருக்கும் அதே காது, அதே புருவம். வாசல் காவலாளிக்குக்கூடத் தெரிந்திருக்கும். அந்தக் குளிர்காலம் முழுக்க மூன்றாம் மாடி வெங்காய வாசனையாகவே இருந்தது.

இப்போது அந்த வாசனை இல்லை. புதிதாக வாங்கிய வேறொரு இயந்திரம் கீழ்மாடியில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மூன்று துண்டு வரி வேண்டாமாம். எல்லாக் காகிதத்தையும் அப்படியே விழுங்கிவிட்டுத் தானாகப் பேசுமாம்.

"காகிதத்தைத்தான் அங்க ஏத்தினோம்க்கா. கையால எழுதின வரி எதுவும் போகல," என்றான் ஜொல்தோஷ். "ரெண்டரை ஆகுது. உக்காருங்க."

தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். விசைப்பலகையில் இன்னும் அவள் நகம் தேய்த்த தடம். தன் பெயரைக் கேட்டாள். சஞ்சிரா கொஞ்சம் முனகிவிட்டுக் கொடுத்தது.

அனார்குல், பெற்றவள், குல்சுன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பதினான்கு வருடமாக நாட்டின் பாதுகாப்போடு பாதுகாப்பாக இருந்திருக்கிறது. உம்சுனாய் போய்ப் பத்து வருடம் ஆயிற்று. அதன்பிறகு சொல்லியிருக்கலாம், தடுக்க யாரும் இல்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் தலாஸுக்குப் போவாள், குல்சுன் கையால் தேநீர் குடிப்பாள், அண்ணி என்று சொல்லிவிட்டு வருவாள். இத்தனை வருடம் பழகிய நாக்கு திரும்பவில்லை. எங்கோ ஓரிடத்தில் எழுதித்தான் இருக்கிறதே என்று ஒரு தைரியம் வேறு. வெட்கக்கேடு! தன் தாயைத் தாய் என்று சொல்லும் வேலையை ஒரு இயந்திரத்திடம் கொடுத்துவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெற்றவர்கள் என்ற உறவில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தாள். முப்பத்தொன்பது பேர். இந்தக் கட்டிடத்து ஆட்கள்தான். ஒவ்வொருவராக வந்து, சத்தமில்லாமல் தங்கள் வரியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள் தேதியில் கர்னல் பெக்பொலோத்தின் வரி. கடைசியில் ஜொல்தோஷ், பெற்றவர், தாலாய். தேதி, இரண்டாயிரத்து இருபது ஜூலை.

அனார்குல் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னலோரம் நின்று பாப்ளர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஜூலையில்தான் தாலாய் பெருந்தொற்றில் மூச்சுத்திணறி இறந்துபோனது. எசென் பெரியவர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்.

"சொன்னியா அவர்கிட்ட?"

"ஆஸ்பத்திரில உள்ள விடலக்கா. ஜன்னல் வழியா பாத்தேன். அண்ணான்னு கத்தினேன். அதுதான் வாய்ல வந்துச்சு." மூக்கை உறிஞ்சினான். "அடக்கம் பண்றப்ப தம்பிங்க வரிசைல நின்னேன். திரும்பி வந்து இதுல எழுதினேன். யாருக்கு எழுதினேன்னு எனக்கே தெரியல. இயந்திரத்துக்கா அப்பா வேணும்?"

எழுதாதது பொய்யில்லை, தெரியாதது மட்டும்தான் என்று கர்னலுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். மூன்று மணிக்கு மேல் குல்சுனின் மூத்த மகள் யார் என்பது பொய்யாகிவிடாது. யாருக்கும் தெரியாததாகிவிடும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"துண்டுக் காகிதம்கூட வெளிய போகக் கூடாது, இல்ல?"

"ஒரு வரிதானேக்கா. நான் வேணா அந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன்."

அவன் நிஜமாகவே திரும்பி நின்றான். அவள் பேனாவை எடுத்தாள், வைத்துவிட்டாள். காகிதத்தில் எழுதி என்ன செய்வது? இன்னொரு டிராயரில் போட்டுப் பூட்டுவதா?

"வேணாம்," என்றாள். "ஃபார்மைக் கொடு."

கையெழுத்துப் போட்டாள். ஜொல்தோஷ் மூன்று விசையைத் தட்டினான். விசிறிச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. பதினாறு வருடமாக நிற்காத சத்தம் நின்றதில் அறையே காது அடைத்தது போல ஆகிவிட்டது. ஜொல்தோஷ் திரையை ஒரு துணியால் துடைத்தான், எதற்கென்று தெரியாமல்.

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். வாசலில் இரும்புப் பெட்டியைத் திறந்து கைப்பேசியை எடுத்தாள். வெளியே மரத்தடியில் நின்று, அண்ணி என்று பதிந்து வைத்திருந்த எண்ணை அழுத்தினாள். ஜொல்தோஷ் பத்தடி தள்ளி, ஒரு சிகரெட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றான்.

தலாஸில் அது பயறு உரிக்கிற பருவம். குல்சுனுக்கு எழுபத்து நாலு வயது, கண் சரியாகத் தெரியாது. யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்காமலே எடுப்பாள். எடுத்தாள். பாத்திரத்தில் பயறு விழும் சத்தம் கேட்டது.

"சொல்லு."

"அம்மா," என்றாள் அனார்குல்.

"ஜிபெக்கா? என்னடி குரல் இப்படி இருக்கு, சளி பிடிச்சிருக்கா?"

"ஜிபெக் இல்லம்மா."

"பின்ன யாரு?"

"மூத்தவ."

பயறு விழும் சத்தம் நின்றது. அனார்குல் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வைத்துவிட்டாளோ என்று எடுத்துப் பார்த்தாள், வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுப் பெரியவர்கள் யாராவது கேட்கிறார்களா என்று பழைய பயத்தில் திரும்பிப் பார்த்திருப்பாளோ என்னவோ. அந்த வீட்டில் இப்போது அவளுக்குப் பெரியவர் யாரும் இல்லை.

"எங்க இருந்து பேசறே," என்றாள் குல்சுன், புது வார்த்தையைக் கற்றுக்கொள்கிறவள் போல நிறுத்தி, "அனார்குல்?"